பழங்களின் சர்வீஸ் புக்

பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் காலையில் நடக்கிற எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். நடை முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வருகிற வழியில் ஒரு தள்ளுவண்டியில் அருகம்புல், வாழைத்தண்டு, சுரைக்காய் என்று சாறு விற்கிறார்கள். எங்களில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் தினமும் சுரைக்காய் சாறுதான் குடிப்பார். சில நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். "கசந்தாத்தான் சார் மருந்து" என்பார். இந்தக் கசப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், மறக்காமல் படியுங்கள்.

போன மாதம் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. காரணம் என் பேத்தியின் பாடப்புத்தகம். அவள் பத்தாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. சில வருஷங்களுக்கு முன் அவள் அண்ணன் படித்த அறிவியல் புத்தகத்தில் பாரம்பரியமும் பரிணாமமும் சேர்ந்து ஒரே பாடமாக இருந்தன. இவள் புத்தகத்தில் பாரம்பரியம் மட்டும் இருக்கிறது. பரிணாமம் போய்விட்டது. கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்தார்கள். 2023-ல் வந்த புதுப் பதிப்பிலும் அது திரும்பவில்லை. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பதினொன்றில் காமர்ஸ் எடுக்கப்போகிற என் பேத்திக்கு அந்தப் பதிலால் என்ன பிரயோஜனம்? பத்தாம் வகுப்போடு அவள் உயிரியலுக்குக் கும்பிடு போடுகிறவள்.

இதை ஆற்றாமையோடு சொன்னேன். ரயில்வே நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போனா போகட்டும் சார். பார்த்தது யாரு? குரங்கு மனுஷனானதை எவனாவது பார்த்தானா? அதையாவது விடுங்க. இப்ப மாம்பழத்துக்கும் திராட்சைக்கும் ஒரே பாட்டின்னு சொல்றாங்களாமே. மாங்கொட்டை போட்டா மாமரந்தான் சார் வரும்."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2018-ல் மத்திய மனிதவளத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங் இதையேதான் பொதுமேடையில் சொன்னார். நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை, ஆகவே டார்வின் சொன்னது தப்பு, பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. அறிக்கை ஒரு பக்கம் போயிற்று, "பார்த்தது யார்" என்ற கேள்வி மட்டும் ஏரிக்கரை வரை வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் வரும். அதற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை, என்னுடைய சர்வீஸ் புக்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 1950 மார்ச் 1-ம் தேதி பிறந்தவன். அப்போது அது பிரெஞ்சு ஆட்சி. படித்ததும் பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று என்ற இலக்கத்தைத் தலையில் ஒரு கொக்கி போட்டு எழுதுவார்கள். பழக்கமில்லாதவர் பார்த்தால் ஏழு என்று சத்தியம் செய்வார். 1971-ல் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது, என் பள்ளிச் சான்றைப் பார்த்து சர்வீஸ் புக்கின் முதல் பக்கத்தை யாரோ எழுதினார்கள். 1-3-1950 அங்கே 7-3-1950 ஆயிற்று. பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருந்த முத்தியால்பேட்டையில் இரண்டு 'டி'யில் ஒன்றை 'என்' ஆக்கி, 'மவுண்டியால்பெட்' என்றும் எழுதிவிட்டார்கள். பரங்கிமலை மவுண்ட் அந்த மனிதர் மனதில் இருந்திருக்கும், பாவம்.

ஆறு நாள் வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவன் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெற வேண்டும். ஏழாம் தேதி பிறந்தவன் அந்த மாதக் கடைசி வரை இருக்கலாம். ஒரு மாதச் சம்பளம் கூடவே கிடைக்கும். பின்னால் தணிக்கையில் பிடிபட்டால் பென்ஷனில் கை வைப்பார்கள். கூடவே, வயதைத் திருத்தியவன் என்ற பெயரும் வரும். 2009-ல் பென்ஷன் பேப்பர் தயாரிக்கும்போது நானே இதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன்.

செக்‌ஷனில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏழு ரிக்கார்டு ஏழாம் தேதின்னு சொல்லுது. நீங்க ஒருத்தர் ஒண்ணாம் தேதிங்கறீங்க" என்றார் சூப்பிரண்டு. சீனியாரிட்டி லிஸ்ட், இன்ஷூரன்ஸ், லீவு கணக்கு, இன்னும் என்னென்னவோ. மொத்தம் ஏழு. ஏழையும் வாங்கி மேஜையில் பரப்பினேன். ஏழிலும் 7-ம் தேதி. ஏழிலும் 'மவுண்டியால்பெட்'!

"சார், ஏழு பேர் தனித்தனியா என் சான்றைப் பார்த்து எழுதியிருந்தா, ஏழு பேரும் ஒரே ஊரை ஒரே மாதிரி தப்பா எழுதுவாங்களா? இது ஏழு சாட்சி இல்லை. ஒரே பக்கத்தோட ஏழு நகல்" என்றேன். பிராவிடண்ட் ஃபண்ட் விண்ணப்பம் மட்டும் நான் கைப்பட எழுதிக் கொடுத்தது. அதில் தேதியும் சரி, ஊரும் சரி. கடைசியில் எங்கள் ஊர் மேரியில் இருந்து (மேரி என்றால் பெண் பெயர் இல்லை, நகராட்சி மன்றம்) பிறப்புப் பதிவின் நகல் வந்தது. அதில் தேதியை எழுத்தால் எழுதுவார்கள். 'ப்ரெமியே மார்ஸ்' என்றிருந்தது. கொக்கிக்கு இடமே இல்லை. 2010 பிப்ரவரி 28 ஞாயிறு, 27 சனி. ஆகவே 26 வெள்ளிக்கிழமை மாலை எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

முதல் பக்கத்தைத் தப்பாக எழுதியதை யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. எழுதியவர் காலமாகியே இருப்பார். ஆனால் அந்த ஆபீசில் ஒருவர்கூட "பார்த்தது யார்" என்று கேட்கவில்லை. தப்பு பேசியது, ஒப்புக்கொண்டார்கள்.

இனி பழத்துக்கு வருகிறேன்.

உயிருள்ள எல்லாமே தன் டி.என்.ஏ.வை நகல் எடுத்துத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. நகல் எடுக்கிற இடத்தில் தப்பு வரும், வந்த தப்பு அடுத்த நகலுக்கும் போகும். இதை நாற்பது வருஷம் நகல் எடுத்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் இரண்டு நிறத்தில் திராட்சை விற்கிறதே, கறுப்பு, பச்சை. பச்சையைத்தான் மேல்நாட்டில் வெள்ளைத் திராட்சை என்கிறார்கள். தோலில் கறுப்பு நிறம் வரவைக்கிற இரண்டு மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளைத் திராட்சையில் இரண்டும் கெட்டுப்போனவை. ஒன்றின் முகப்பில் சுமார் 10,000 எழுத்து நீளமுள்ள, சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு புகுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஜப்பானியர்கள் 2004-ல் கண்டார்கள். பக்கத்து மரபணு வேறு விதமாக உடைந்திருக்கிறது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 55 வெள்ளைத் திராட்சை வகைகளைச் சோதித்தார்கள். 55-லும் அதே கெட்ட பக்கம். அதே இடத்தில் அதே துண்டு, பக்கத்தில் அதே உடைசல். 7-ம் தேதியும் மவுண்டியால்பெட்டும் மாதிரி!

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை நமக்கெல்லாம் தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டது என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம். வெளிநாட்டில் அதற்குப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். டி.என்.ஏ. சோதனையில் அதன் பெற்றோர் யார் என்று தெரிந்துவிட்டது. ஒன்று கறுப்பு. மற்றது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா என்ற வெள்ளைத் திராட்சை. ஆகவே நம் பன்னீர் திராட்சை வெளியே கறுப்பாக இருந்தாலும் உள்ளே அந்த வெள்ளைப் பக்கத்தின் நகல் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதன் பிள்ளைகளில் ஒன்றான 'இட்டாலியா' வெள்ளையாகப் பிறந்தது.

இதைக் கேட்டு நண்பர் சிரித்தார். "திராட்சைக்குத் திராட்சை சொந்தம், யார் இல்லேன்னா? மாம்பழத்துக்கு வாங்க."

வருகிறேன். திராட்சையின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் முதலில் படித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும். 2007-ல். அவர்கள் கண்டது இது: திராட்சையின் பூர்விக மூதாதை ஒன்றில், 10 கோடி வருஷத்துக்கும் முன்னால், மொத்த ஃபைலும் மூன்று படியாகிவிட்டது. கார்பன் வைத்து டிரிப்ளிகேட் எடுப்போமே, அதே மாதிரி. பிறகு மூன்று படியிலும் அங்கங்கே பக்கம் கிழிந்து, எழுத்து மாறி, தேய்ந்து போயிருக்கின்றன. ஆனாலும் பக்கங்கள் அடுக்கியிருக்கும் வரிசையைப் பார்த்தால் மூன்றும் ஒன்றின் படிகள் என்று இன்றைக்கும் தெரிகிறது. மறு வருஷம் பப்பாளியைப் படித்தார்கள். அதிலும் அதே டிரிப்ளிகேட். தர்பூசணியில் இருக்கிறது. தக்காளியில், ஆரஞ்சில், மாவில், பலாவில், கொய்யாவில், எல்லாவற்றிலும் இருக்கிறது.

வாழையில் இல்லை. தென்னையில் இல்லை. சீதாப்பழத்தில் இல்லை.

இந்த 'இல்லை'தான் என்னை மயக்கிய விஷயம். ஒற்றை விதையிலைத் தாவரம், இரட்டை விதையிலைத் தாவரம் என்று நாம் பள்ளியில் படித்தோம். வாழையும் தென்னையும் ஒற்றை விதையிலை. சீதா இரட்டை விதையிலை போலத் தோன்றினாலும் தாவரவியலாளர்கள் அதைப் பழைய, தனிக் கிளையில் வைக்கிறார்கள். இந்தக் கிளைகள் எல்லாம் டிரிப்ளிகேட் நடப்பதற்கு முன்பே பிரிந்து போனவை. வாழையில் வேறு டூப்ளிகேட்டுகள் நடந்திருக்கின்றன, தனியாக, மூன்று தடவை. 2012-ல் வாழையைப் படித்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான். பிரிந்து போன அண்ணன் வீட்டில் பின்னால் நடந்த விசேஷம் தம்பி வீட்டுக் கணக்கில் வராது அல்லவா?

நண்பரின் அடுத்த வாதம் பலமானது. அதைப் பலமானது என்று ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். "ஒரே தச்சன் பத்து நாற்காலி செஞ்சா பத்தும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும். அதுக்காக நாற்காலிக்கு நாற்காலி பிறந்ததுன்னு சொல்லுவீங்களா?"

கடவுள் உண்டா இல்லையா என்பதை நான் இங்கே எடுக்கவில்லை. நான் கோவிலுக்குப் போகிறவன்தான். ஆனால் தச்சன் வாதம் நல்ல பாகங்களுக்குத்தான் செல்லும். நாலு கால் ஒரே மாதிரி இருப்பதற்குத் தச்சன் காரணம், சரி. எதற்கும் உதவாமல் வளைந்த ஆணி ஒன்று பத்து நாற்காலியிலும் அதே இடத்தில், அதே கோணத்தில் வளைந்திருந்தால்? வெள்ளைத் திராட்சையில் புகுந்த துண்டு எந்த வேலைக்கும் சேர்த்ததல்ல, வேலையைக் கெடுத்த துண்டு. தேய்ந்துபோன மூன்றாம் படியை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. மாவுக்கும் திராட்சைக்கும் கொடுத்து, சீதாவுக்கும் வாழைக்கும் கொடுக்காமல், பிரிந்த கிளைகளின் கணக்குப்படி சரியாகப் பார்த்து அந்தத் தேய்ந்த படியைக் கொடுத்த தச்சன் எதற்காக அப்படிச் செய்தான் என்பதை நண்பர்தான் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லவில்லை.

மாங்கொட்டையில் மாமரந்தான் வரும் என்பதும் சரியே. என் மகன் பிரெஞ்சு பேசுவதில்லை, பேத்திக்கு அது அந்நிய பாஷை. நாங்கள் மூவரும் ஒரே வீடு. ஒரு தலைமுறையில் இவ்வளவு என்றால் கோடி தலைமுறைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட மறுத்தால், அது விவாதம் இல்லை, பிடிவாதம்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே பீர்க்கு கேட்கிறது. பெயர்க் காரணம் தேடி நான் போகப் போவதில்லை. ஆனால் பீர்க்கு வம்சம் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனமில்லை. சின்ன வயதில் எங்கள் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு வகுப்பு. பொருளைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துவது. ஆசிரியர் ஒரு நாள் வெள்ளரி, பூசணி, பாகல் மூன்றையும் கொடியோடு கொண்டுவந்து மேஜையில் போட்டார். இலையைப் பார், சுருளும் பற்றுக்கம்பியைப் பார், பூவைப் பார், இவை ஒரு குடும்பம் என்றார். குடும்பம் என்று வகுத்தது 1789-ல் ழுஸ்யூ என்ற பிரெஞ்சுக்காரர். கண்ணால் பார்த்து எழுதியது. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, பூவையும் இலையையும் பார்க்காமல் டி.என்.ஏ. எழுத்தை மட்டும் படித்தவர்கள் வந்தார்கள். அவர்களும் அதே குடும்பத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். தனித்தனியாக எழுதிய இரண்டு ரிக்கார்டு ஒத்துப்போனால் அதுதான் சாட்சி. ஏழு நகல் சாட்சி இல்லை.

வெள்ளரிக்கு 7 ஜோடி குரோமோசோம். முலாம்பழத்துக்கு 12. நெருங்கிய சொந்தம் என்றால் இப்படி எண்ணிக்கை உதைக்கலாமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. 2009-ல் வெள்ளரியைப் படித்தபோது விடை கிடைத்தது. முலாம்பழத்தில் இருந்து பிரிந்த பிறகு, வெள்ளரியின் வம்சத்தில் பத்து பழைய குரோமோசோம்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஐந்தாகிவிட்டன. பத்து ஃபைலை ஐந்து கட்டாகத் தைத்தது போல. தையலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பக்க வரிசை அப்படியே இருக்கிறது. தைக்காத இரண்டையும் சேர்த்தால் ஏழு. (பழுத்து வெடித்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறோமே வெள்ளரிப்பழம், அது பெயரில்தான் வெள்ளரி. இனத்தில் முலாம்பழம். தமிழில் பெயர் வைத்தவர்கள் சொந்தத்தை மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.)

இப்போது அந்தக் கசப்பு. வெள்ளரியின் காம்புப் பக்கத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் தேய்த்து நுரை எடுப்பார்கள் என் அம்மா. பீர்க்கங்காய் நறுக்கினால் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாணலியில் போடுவார்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் கசப்பது குக்குர்பிட்டாசின் என்ற ஒரே வகைச் சரக்கு. விலங்கும் பூச்சியும் தின்னாமல் இருக்கச் செடி தயாரிக்கிற விஷம். அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் வெள்ளரி, முலாம்பழம், தர்பூசணி மூன்றிலும் ஒரே வரிசையில், ஒரே கொத்தாக உட்கார்ந்திருப்பதை 2016-ல் எழுதினார்கள். மூன்றின் முன்னோரும் கசந்தவை. மனிதன் விதை பொறுக்கிப் பொறுக்கி விதைத்துக் கசப்பைப் போக்கினான். ஆனால் போன விதம் வேறு வேறு. வெள்ளரியில் பழத்தில் கசப்பை முடுக்குகிற மரபணுவின் சுவிட்ச் பகுதி மாறியிருக்கிறது. தர்பூசணியில் மரபணுவின் நடுவிலேயே உடைசல். ஆக, கொத்து ஒன்று, ஏனென்றால் பாட்டி ஒருத்தி. உடைசல் வேறு, ஏனென்றால் உடைந்தது வீடு பிரிந்த பிறகு. என் சர்வீஸ் ரிக்கார்டு விவகாரத்தில் இதைவிடத் தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் ஜனங்களுக்கு இது ஓரளவு தெரியும். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசக்கிற காட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஒரே முன்னடை கொடுத்தவர்கள்தானே நாம்?

கசப்பு ஒழிந்துவிடவில்லை, அடங்கியிருக்கிறது. காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்த விதையை அடுத்த பருவத்தில் விதைத்தால் பார்வைக்கு நல்ல சுரையிலேயே அது திரும்ப வரலாம். 2010-ல் தில்லியில் ஒரு விஞ்ஞானி, நம்மைப்போல உடம்புக்கு நல்லது என்று தினமும் குடித்தவர், கசந்த சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த வல்லுநர் குழு தெளிவாகச் சொன்னது: பிழிவதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார், கசந்தால் சாற்றைக் குடிக்காதே, குடித்து வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பாகற்காய் கசப்பது இயல்பு. சுரைக்காய் கசந்தால் அது பாட்டியின் விஷம்.

இதை நண்பரிடம் சொன்ன அன்று அவர் கையில் டம்ளர் பாதியில் இருந்தது. பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், வண்டிக்காரரிடம் முதலில் ஒரு சுரைக்காய்த் துண்டை வாங்கி மென்று பார்த்துவிட்டு, பிறகு அரைக்கச் சொன்னார். "அதுக்காக உங்க பாட்டி கதையை ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்லை" என்றார். ஒத்துக்கொள்ள வேண்டாம், மென்று பார்க்கட்டும்.

எனக்குக் கவலை அவரைப் பற்றி இல்லை. எழுபது வயதுக்கு மேல் நாங்கள் எதை நம்பினாலும் ஊருக்கு நஷ்டம் குறைவு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, இந்த நாட்டில் கொடியேறும் ஒவ்வொரு காயும் ஒரு பழைய வீட்டின் கிளை என்று சொல்லும் ஒரே பாடத்தை எடுத்துவிட்டு, சுமையைக் குறைத்தோம் என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எது சுமை? நான்கு பக்கமா? பாரம்பரியத்தை வைத்துக்கொண்டு பரிணாமத்தை எடுப்பது, நகல் எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எதில் இருந்து நகல் எடுத்தோம் என்பதை மறைப்பது போல.

நம் தமிழ்நாடு மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற பாடம் இன்னும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எதிர்வீட்டுப் பையனிடம் கடன் வாங்கி, பெருங்களத்தூரில் ஜெராக்ஸ் எடுத்து, பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் பக்க எண்களை ஒருமுறை சரிபார்த்தேன். பழக்கதோஷம். ஒரு பக்கமும் விடுபடவில்லை.